ஒரே குழி, இரண்டு சுதந்திரங்கள்

கேள்வி: கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வீட்டு வாசலில் காகிதப்பூக் கொடி படர்ந்திருக்கிறது. போகன்வில்லா என்ற அதன் பெயரைப் பிடித்துக்கொண்டு என் பேரன் ஏதோ தேடப்போக, பூகன்வில் என்று ஒரு தீவு இருப்பதும், அது 2027-ல் தனிநாடாகப் போவதாகச் சொல்வதும் தெரியவந்தது. மொத்த ஜனத்தொகையே மூன்று லட்சம்தானாம். அங்கே பெரிய தாமிரச் சுரங்கம் இருக்கிறது, அது கைகொடுக்கும் என்கிறார்கள். அது பல வருடமாக மூடிக் கிடக்கிறது என்றும் சொல்கிறார்கள். எனக்கு அரசியல் வேண்டாம், வரவு செலவு மட்டும் சொல்லுங்கள். தனிக்குடித்தனம் போனால் அந்தத் தீவால் சமாளிக்க முடியுமா? சொந்த நோட்டு அடிப்பார்களா? சுரங்கத்தை நம்பலாமா?

வாசகர், கோவில்பட்டி

பதில்: பூவின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். லூயி அந்துவான் த பூகன்வில் என்ற பிரெஞ்சு மாலுமி 1768-ல் அந்தக் கடல் வழியே போனார். தீவுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அதே பயணத்தில் கூடப் போன தாவரவியலாளர் பிரேசிலில் பார்த்த கொடிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். உங்கள் வாசலுக்கும் அந்தத் தீவுக்கும் உறவு அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்வி. சமாளிக்க முடியும், சிக்கனமாக இருந்தால். ஆனால் சுரங்கத்தை வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டு செலவைத் திட்டமிட்டால் முடியாது. 'அரசியல் வேண்டாம்' என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் என்னால் காப்பாற்ற முடியாது. அந்தத் தீவில் அரசியலே ஒரு பங்கீட்டுக் கணக்கிலிருந்துதான் கிளம்பியது.

குழி யாருக்காகத் தோண்டப்பட்டது?

பூகன்வில் இன்று பப்புவா நியூ கினியின் தன்னாட்சிப் பகுதி. வரைபடத்தைப் பார்த்தால் அது சாலமன் தீவுத் தொடரின் வடமேற்கு முனை என்பது தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியும் பிரிட்டனும் அந்தக் கடலைக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டபோது இது ஜெர்மனி பக்கம் விழுந்தது. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா கைக்கு வந்து, நியூ கினியோடு சேர்த்தே ஆளப்பட்டது.

1960களில் பப்புவா நியூ கினிக்கு விடுதலை தர ஆஸ்திரேலியா தயாராகிக்கொண்டிருந்தது. புது நாடு பிழைக்க வருமானம் வேண்டும். பூகன்வில்லின் நடுமலையில் பங்குனா என்ற இடத்தில் தாமிரமும் தங்கமும் கிடைத்தன. 1967-ல் ஒப்பந்தம், 1972-ல் உற்பத்தி. நடத்தியது பூகன்வில் காப்பர் என்ற கம்பெனி. அதில் பெரும்பங்கு இன்று ரியோ டின்டோ என்று அறியப்படும் குழுமத்துக்கு. 1989-ல் மூடப்படும்வரை பப்புவா நியூ கினியின் ஏற்றுமதி வருமானத்தில் சுமார் 45 சதவீதம் இந்த ஒரு குழியிலிருந்து வந்தது. உள்நாட்டில் திரட்டிய அரசு வருவாயில் சுமார் 17 சதவீதமும் இதுதான். 1975 செப்டம்பர் 16-ல் பிறந்த நாட்டுக்குச் சீர்வரிசை செய்தது பங்குனா என்று சொல்லலாம்.

சீர் செய்த வீட்டுக்கு என்ன கிடைத்தது? அந்தப் பதினேழு ஆண்டுகளில் சுரங்கம் ஈட்டித் தந்ததில் சுமார் 62 சதவீதம் மத்திய அரசுக்குப் போனது; 33 சதவீதம் வெளிப் பங்குதாரர்களுக்கு; 4 சதவீதம் மாகாண அரசுக்கு; நிலச் சொந்தக்காரர்களுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம். உரிமைத்தொகையைத் தனியே பாருங்கள். உற்பத்தி மதிப்பில் 1.25 சதவீதம், அதில் 5 சதவீதம்தான் நிலத்துக்காரருக்கு. ஆயிரம் ரூபாய்த் தாமிரத்துக்கு அறுபத்திரண்டரை காசு. நட்ட ஈடு போன்றவை தனியாகக் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் 100 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு ஆற்றில் இறங்கியதும் உண்மை.

அந்த நிலம் யாருடையது என்பதும் முக்கியம். பூகன்வில்லின் பெரும்பாலான பகுதிகளில் நிலம் தாய்வழியே இறங்குகிறது. 1969-ல் சுரங்கத்துக்கான துறைமுகத்துக்கு நிலம் எடுக்க வந்தபோது, ரொரோவானா கிராமத்துப் பெண்கள்தான் போலீஸை மறித்து நின்றார்கள். கம்பெனி பேச்சுவார்த்தை நடத்திய ஆண்களிடம் கையெழுத்து இருந்தது, நிலம் இல்லை.

1988-ல் சுரங்கத்தில் வேலை பார்த்தவரான பிரான்சிஸ் ஓனாவும், உறவினரான பெர்பெத்துவா செரேரோவும் நிலச் சொந்தக்காரர்கள் சார்பில் 1,000 கோடி கினா (பப்புவா நியூ கினியின் நாணயம்) இழப்பீடு கேட்டார்கள். கிடைக்கவில்லை. மின்கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 1989 மே மாதம் சுரங்கம் நின்றது. பிறகு பப்புவா நியூ கினி அரசோடு போர், தீவைச் சுற்றிக் கடல்வழி முற்றுகை. மருந்தில்லாமல் இறந்தவர்களையும் சேர்த்து 20,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1998-ல் போர்நிறுத்தம், 2001-ல் அமைதி ஒப்பந்தம், 2005-ல் தன்னாட்சி அரசு. 2019 இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் 1,76,928 பேர் சுதந்திரம் கேட்டார்கள். கூடுதல் தன்னாட்சி போதும் என்றவர்கள் 3,043 பேர்.

இப்போது பூகன்வில் தலைவர்கள் குறித்திருக்கும் தேதி 2027 செப்டம்பர் 1. அதுவும் சும்மா குறித்ததில்லை. 1975-ல் பப்புவா நியூ கினி விடுதலை பெறுவதற்குப் பதினைந்து நாள் முன்பு, அதே செப்டம்பர் 1-ல் பூகன்வில் தன்னை 'வட சாலமன் குடியரசு' என்று அறிவித்தது. எந்த நாடும் ஏற்கவில்லை. ஒரு சுதந்திரத்துக்குச் செலவழித்த அதே குழியை, ஐம்பது ஆண்டு கழித்து, இன்னொரு சுதந்திரத்துக்கும் செலவழிக்கலாம் என்பதுதான் இன்று அங்கே உள்ள கணக்கு.

கல்லாவில் இன்று என்ன இருக்கிறது?

தன்னாட்சி அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் பெரும்பங்கு தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து வரும் மானியம். சொந்த வருவாய் அதற்குப் பக்கத்தில் மிகச் சிறியது. அமைதி ஒப்பந்தத்தில் 'நிதித் தற்சார்பு' என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பூகன்வில்லில் வசூலாகும் கம்பெனி வரி, சுங்கம், சரக்கு-சேவை வரியில் 70 சதவீதம் ஆகிய மூன்றும் சேர்ந்து, நிர்வாகச் செலவுக்கான மானியத்தைத் தாண்டவேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டு மறுவருடம் விழக்கூடாது. அந்த இடத்துக்கு பூகன்வில் இன்னும் வெகுதூரம்.

ஆனால் கணக்கு எழுதியவரான உங்களுக்கு அடுத்த விஷயம் உடனே பிடிபடும். பூகன்வில்லில் கடை வைத்திருக்கும் பெரிய வியாபாரக் கம்பெனிகள் பலவற்றின் தலைமை அலுவலகம் போர்ட் மோர்ஸ்பியிலோ லாய் நகரத்திலோ இருக்கிறது. வியாபாரம் தன்னாட்சி அரசு இயங்கும் புக்கா நகரத்தில், வரி அங்கே. தீவுக்கு வரும் பொருள்களில் நிறைய, முதலில் வேறு துறைமுகத்தில் இறங்கிச் சுங்கம் கட்டிவிட்டு வருகின்றன. தீவில் விளையும் கோகோவிலும் ஒரு பகுதி வேறு மாகாணத்துத் துறைமுகம் வழியே கப்பல் ஏறுகிறது. கிளையில் நடந்த வரவைத் தலைமை அலுவலகப் பேரேட்டில் பதிந்துவிட்டு, 'இந்தக் கிளை நஷ்டத்தில் ஓடுகிறது' என்று சொல்வதுபோல. இதனால் பூகன்வில்லின் உண்மையான வரித்திறன் ஏட்டில் இருப்பதைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்பதில்தான் இரு தரப்புக்கும் வழக்கு. ஒப்பந்தப்படி வரவேண்டிய புனரமைப்பு மானியத்தில் பெரிய பாக்கி இருக்கிறது என்று புக்கா சொல்வதும், அந்தக் கணக்கை போர்ட் மோர்ஸ்பி ஏற்காததும் இன்னொரு வழக்கு.

'தன் காலில் நிற்க முடியாதவர்கள் தனிநாடு கேட்கலாமா?' என்ற கேள்வி போர்ட் மோர்ஸ்பியில் அடிக்கடி எழுகிறது. 1975-ல் பப்புவா நியூ கினியே விடுதலை பெற்றபோது, அதன் வரவுசெலவில் ஏறத்தாழ 40 சதவீதம் ஆஸ்திரேலியா கொடுத்த பணம். அது அந்த விடுதலையைத் தடுக்கவில்லை. பசிபிக்கில் உதவித்தொகையில் ஓடும் நாடுகள் பல உண்டு. நாடு என்பது கையில் காசு இல்லாததால் மட்டும் மூடப்படும் கடை இல்லை. எந்தத் தரத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடக்கும் என்பதைத்தான் காசு முடிவு செய்கிறது.

சுரங்கத்தை நம்பலாமா?

மண்ணுக்கடியில் இருப்பதில் சந்தேகமில்லை. கம்பெனியின் மதிப்பீட்டில் பங்குனாவில் இன்னும் 53 லட்சம் டன் தாமிரமும் 1.93 கோடி அவுன்ஸ் தங்கமும் மிச்சம். 6,000 கோடி டாலர் பெறும் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அது கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் களத்து நெல்லை மூட்டை எண்ணுகிற கணக்கு. அந்தத் தொகையில் தோண்டும் செலவு கழிக்கப்படவில்லை.

சுரங்கத்தை மறுபடி திறக்க 500 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று 2012-ல் போட்ட மதிப்பீடே சொன்னது. மின்நிலையம், சாலை, துறைமுகம், குழாய் எல்லாமே முப்பத்தைந்து வருட மழையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஆய்வு உரிமம் பூகன்வில் காப்பருக்கு 2024-ல்தான் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துத் தரப்பட்டது. ஆய்வு, சுற்றுச்சூழல் அனுமதி, நிலத்துக்காரர் சம்மதம், கடன் திரட்டல், கட்டுமானம் என்று வரிசையாகப் போனால், எல்லாம் சரியாக நடந்தாலும் 2030களின் நடுப்பகுதிக்கு முன் தாமிரம் கப்பல் ஏறாது. கப்பல் ஏறிய பிறகும் போட்ட முதலையும் வட்டியையும் எடுக்கும்வரை அரசுக்கு வரும் வரி மெலிதாகத்தான் இருக்கும். 2027-ல் பிறக்கும் குழந்தை பள்ளிக்கூடம் சேரும்போது சம்பளம் வாங்கவேண்டிய ஆசிரியருக்கு இந்தப் பணம் உதவாது.

சாதகமான மாற்றங்களும் உண்டு. 2016-ல் ரியோ டின்டோ தன் பங்கைக் கைவிட்டது; பூகன்வில் அரசுக்கும் பப்புவா நியூ கினி அரசுக்கும் தலா 36.4 சதவீதம் ஆனது. பூகன்வில்லின் 2015 சுரங்கச் சட்டம், நிலத்துக்காரர் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான் என்கிறது. பழைய அறுபத்திரண்டரைக் காசு கணக்கு திரும்பாது. அதேசமயம் பங்கோடு சேர்த்துப் பாழும் கைமாறியது. ஆற்றுப் படுகையைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்ற பேச்சு, 2024 இறுதியில் வந்த பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கைக்குப் பிறகுதான் கொஞ்சம் சூடு பிடித்திருக்கிறது. அந்தச் செலவையும் எழுதாமல் பங்குனாவை சொத்து என்று மட்டும் ஐந்தொகையில் காட்டினால் தணிக்கையில் நிற்காது.

ஒரே பொருளை நம்பிய அண்டை நாடுகள் இரண்டைச் சொல்கிறேன். நவ்ரு 1968-ல் விடுதலை பெற்றது. பாஸ்பேட் பணத்தால் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசைக்குப் போனது. மெல்போர்னில் வானுயர்ந்த கட்டடம் கட்டியது. முதலீடுகள் கரைந்து, கடைசியில் அந்தக் கட்டடத்தையும் விற்றது. கிழக்குத் திமோர் 2002-ல் விடுதலை பெற்று, 2005-ல் எண்ணெய்ப் பணத்துக்கென்று தனி நிதியம் அமைத்தது. வருடத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். வரம்புக்கு மேலும் எடுத்தார்கள். எண்ணெய் வற்றிய பிறகும் அந்த நாட்டுக்கு ஒரு சேமிப்பு இருக்கிறது, புதிய வருமானம் மட்டும் இன்னும் கண்ணில் படவில்லை. சேமித்தவர்க்கே இந்தப் பாடு.

சொந்த நோட்டு?

என்னைக் கேட்டால் முதல் பத்தாண்டுக்கு வேண்டாம். புழக்கத்தில் இருக்கும் கினாவையே ஒப்பந்தம் போட்டுத் தொடரலாம். அல்லது கிரிபாட்டி, நவ்ரு, துவாலு போல ஆஸ்திரேலிய டாலரை எடுத்துக்கொள்ளலாம். கினாவைத் தொடர்ந்தால் வட்டியும் நாணய மதிப்பும் போர்ட் மோர்ஸ்பியில் முடிவாகும். பப்புவா நியூ கினியில் பல வருடமாக அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு; இறக்குமதிக்காரர்கள் டாலருக்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையும் கூடவே வரும். ஆஸ்திரேலிய டாலர் என்றால் நிலைத்தன்மை உண்டு, ஆனால் கோகோ விலை விழுந்தால் நாணய மதிப்பைக் குறைத்துத் தப்பிக்கிற வழி கிடையாது.

பிரிந்த பிறகும் ஒரே நாணயம் என்ற ஏற்பாடு நம்பிக்கையில் நிற்பது. 1993-ல் செக்கும் ஸ்லோவாக்கியாவும் சண்டையில்லாமல் பிரிந்தன. பொது நாணயம் சில மாதமாவது ஓடும் என்று நினைத்தார்கள், ஆறு வாரத்துக்குள் உடைந்தது. சேமிப்பைப் பாதுகாப்பான பக்கத்துக்கு மாற்ற மக்கள் ஓடினார்கள். ஆகவே தேதி அறிவிக்கும் முன் நாணய ஒப்பந்தம் கையில் இருக்கவேண்டும்.

நம்பிக்கை இல்லாமல் நோட்டு அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு பூகன்வில் வெளியே தேட வேண்டியதில்லை. யு-விஸ்ட்ராக்ட் என்ற பணத்திட்டம் 1990களின் இறுதியில் மாதத்துக்கு நூறு சதவீத வட்டி என்று ஆசைகாட்டி ஆயிரக்கணக்கானவர்களின் பணத்தை விழுங்கியது. அதை நடத்திய நோவா முசிங்கு தீவின் தெற்கே ஒதுங்கி, தன்னை மன்னர் என்று சொல்லிக்கொண்டு, 'பூகன்வில் கினா' என்ற நோட்டையும் அச்சிட்டார். நம்மூர்ச் சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அப்படியானால் எதை நம்புவது?

கோகோ, தேங்காய், மீன், ஆற்றுத் தங்கம். இவற்றில் எதுவும் தனியே ஒரு நாட்டைத் தூக்காது, சேர்ந்தால் தூக்கலாம்.

போருக்கு முன் பப்புவா நியூ கினியின் முன்னணிக் கோகோ பகுதிகளில் பூகன்வில் ஒன்று. போரில் தோட்டங்கள் காடாயின. பிறகு காய்துளைப்பான் பூச்சி தாக்கியது. இப்போது மறுபடி நடுகிறார்கள். 2024-ல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அந்த விலை நிற்காது, ஆனால் கோகோ காசு நேராகக் குடும்பத்தின் கைக்கு வருகிறது என்பதுதான் அதன் பலம். சுரங்கப் பணம்போல மேலிருந்து சொட்ட வேண்டியதில்லை.

மீன்தான் கவனிக்கப்படாத சொத்து. பசிபிக்கின் சூரை மீனுக்கு, 1982-ல் உருவான நவ்ரு ஒப்பந்தத்தில் உள்ள எட்டு நாடுகள் சேர்ந்து கப்பல்களிடம் நாள் கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. ஒரு கப்பல் ஒரு நாள் வலைபோட 8,000 டாலர் என்பது அடிப்படை விலை. பப்புவா நியூ கினி அதில் ஓர் உறுப்பினர். பூகன்வில் தனிநாடானால் தன் கடல் எல்லைக்குள் எத்தனை கப்பல்-நாள் என்று பேரம் பேசலாம். மலையைத் தோண்டவும் வேண்டாம், ஆற்றைக் கெடுக்கவும் வேண்டாம். பத்து வருடம் காத்திருக்கவும் வேண்டாம். பிரிவினைப் பேச்சுவார்த்தையில் பங்குனாவைவிடக் கடினமாகப் பேசவேண்டியது இந்தக் கடல் எல்லையைத்தான் என்பது என் கருத்து.

ஆற்றுத் தங்கம் சங்கடமான விஷயம். ஆயிரக்கணக்கானவர்கள் பங்குனா குழிக்குள்ளேயே சல்லடையும் பாதரசமும் வைத்துத் தங்கம் எடுக்கிறார்கள். பணம் புழங்குகிறது, ஆனால் பெரும்பாலும் வரியில்லாமல், உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டு. தங்கம் வாங்க ஓர் அரசு நிலையம், நியாய விலை, சிறு வரி என்று கொண்டுவந்தால் கல்லாவுக்கு வரும் முதல் சொந்தக் காசுகளில் ஒன்றாக அது இருக்கும்.

போர்ட் மோர்ஸ்பியின் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். சுரங்கம் நின்றுவிட்டதால் இன்று பூகன்வில் அதற்கு வரவைவிடச் செலவுதான். வெறும் வரவு செலவு பார்த்தால் பிரிய விடுவதில் நஷ்டமில்லை. தயக்கம் வேறு. நியூ அயர்லாந்து, கிழக்கு நியூ பிரிட்டன், எங்கா போன்ற மாகாணங்களும் கூடுதல் தன்னாட்சி கேட்டு நிற்கின்றன. ஒருவருக்குக் கதவைத் திறந்தால் வரிசை நீளும். வாக்கெடுப்பும் கட்டுப்படுத்தும் வகையைச் சேர்ந்ததில்லை, முடிவு நாடாளுமன்றத்தில்தான். ஆகையால் 2027 என்ற தேதி நழுவலாம். நழுவினாலும் நான் மேலே சொன்ன கணக்கு மாறாது.

தனிக்குடித்தனம் என்றீர்கள். பொருத்தமான சொல்தான். தனியாகப் போகும் மகன் மூன்று ஏற்பாட்டோடு போனால் தப்பிப்பான்: ஐந்தாறு வருடத்துக்குக் குறைந்துகொண்டே வரும் மானியம் என்று தந்தையோடு எழுத்தில் ஒப்பந்தம், பழைய கடனில் தன் பங்கு எவ்வளவு என்ற தீர்வு, அவன் உழைப்பில் வருவதெல்லாம் அவன் பெயரில் பதிவாகும் ஏற்பாடு. இதில் மூன்றாவதுதான் உயிர்நாடி. பங்குனாவின் முதல் காலத்தில் உடைந்ததும் அதுதான். வருமானம் இருந்தது, ஆனால் அது அந்த மண்ணின் பெயரில் பதிவாகவில்லை.

எனவே இனி நாளிதழில் 'பங்குனா திறக்கிறது' என்று செய்தி வந்தால் படித்துவிட்டு வையுங்கள். பூகன்வில்லின் கியேட்டா துறைமுகத்திலிருந்து கோகோ நேராக வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியது, அதன் சுங்கம் புக்காவின் பேரேட்டில் ஏறியது என்று எங்காவது ஒரு மூலையில் செய்தி வந்தால் அதை வெட்டி எடுத்து வையுங்கள். அந்தத் தொகை சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் வங்கியில் புதுக் கணக்கு தொடங்க வந்தவரின் முதல் செலுத்துச் சீட்டை எத்தனையோ முறை நீங்களே வாங்கிப் பதிந்திருப்பீர்கள். தொகை எவ்வளவு என்று பார்த்தா கணக்கு எண் கொடுத்தீர்கள்?